விருந்தினரும் வீட்டாரும்

நேயர்களே, விருந்து என்ற சொல்லை இன்று நாம் இலையிற் பரிமாறும் உணவுக்கே பெரும்பாலும் வழங்குகிறோம். பழந்தமிழில் அதன் முதற்பொருள் புதுமை என்பதாகும். புதிதாக வந்த மனிதர் விருந்து. அவருக்குப் படைத்தமையால் உணவும் விருந்தாயிற்று. புதிய முறையில் அமைந்த செய்யுளுக்கும் தொல்காப்பியர் விருந்து என்றே பெயரிட்டார். அடிக்கடி வந்து போகும் மாமனும் மைத்துனனும் இந்தக் கணக்கில் விருந்தினர் அல்லர். முன்பின் அறியாதவரே விருந்தினர். வள்ளுவர் இல்லறவியலில் ஓர் அதிகாரம் முழுவதையும் அந்த அறியாதவருக்காக ஒதுக்கி வைத்தார்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இதற்கு ஒப்பான ஒரு செய்தி உண்டு. அங்கே விருந்தோம்பலைக் குறிக்கும் சொல் ‘பிலொக்செனியா’. அந்நியர்மீது அன்பு என்பது அதன் நேர்ப்பொருள். அதிலுள்ள ‘க்செனொஸ்’ என்னும் சொல் அந்நியரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும், சில இடங்களில் விருந்தளிப்பவரையும் குறிக்கும். வாசலுக்கு வெளியே நிற்பவருக்கும் உள்ளே நிற்பவருக்கும் ஒரே சொல் என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. நியாயத்தீர்ப்பைப் பற்றி மத்தேயு எழுதிய பகுதியிலும், அந்நியனாய் வந்தவனைச் சேர்த்துக்கொண்டோமா என்பதே கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்றாக இருக்கிறது.

இவ்விரு மரபுகளும் நம் நாட்டிற் சந்தித்துக்கொண்ட இடங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறம். மலையகம் என்றதும் நம் எழுத்தாளர்களின் பேனா நுவரெலியாவுக்கும் ஹற்றனுக்கும் பதுளைக்குமே ஓடுகிறது. இரத்தினபுரியும் கேகாலையும் கதைகளில் அருகியே வருகின்றன. ஆனால், அந்நியரை ஏற்றல் என்ற அறம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் சப்ரகமுவவே என்பது என் கருத்து. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் தோட்டத்தை அடுத்துத் தோட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் நம் மக்களே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, எகலியகொடை, பலாங்கொடை, றக்வானை ஆகிய பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள்போற் சிதறிக் கிடக்கின்றன. றப்பர் காட்டின் இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் கிராமத்து வயல். ஒரே ஓடையில் இரு சாராரும் குளிக்கிறார்கள். நல்ல நாளில் இது அயலுறவு. கெட்ட நாளில் தப்பி ஓட இடமில்லாத நிலை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. அவற்றுள் ஒன்றுகூடச் சப்ரகமுவவில் இல்லை. தம் எண்ணிக்கையை நம்பி வாழ முடியாத மக்கள் அயலாரின் மனத்தை நம்பியே வாழ வேண்டியிருந்தது.

முதலில் அவர்கள் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருந்தோட்டமாகத் தொடங்கியபோது, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். அந்தப் பாதையில் அவர்களுக்கு விருந்தளித்தவர் என்று சொல்ல எவரும் இல்லை. அவர்களுக்காக வெட்டப்பட்ட காடும் வெற்றுக்காடு அன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்கு உரியதாக்கியது. கிராமத்தவர் ஆடுமாடு மேய்த்த நிலமும் சேனை வெட்டிய நிலமும் அவ்வாறு துரைமாரின் கைக்குப் போயிற்று. ஆகவே வீட்டைப் பறிகொடுத்தவனின் கண்முன்னே, வீடே இல்லாதவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருவரையும் அந்நியராக்கியவர் மூன்றாமவர். இதை மறந்துவிட்டுச் சப்ரகமுவவின் அயலுறவைப் பற்றிப் பேசினால் அது ஒருபக்கப் பேச்சாகிவிடும்.

இந்தச் சூழலிலேதான் கிறிஸ்தவப் பணி தோட்டங்களுக்குள் நுழைந்தது. 1854இல் சேர்ச் மிஷன் சங்கத்தார் கண்டியை மையமாகக் கொண்டு, தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவோடு ஒரு பணியைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. அன்பைப் போதிக்க வந்த பணியின் பெயரிலேயே ‘கூலி’ இருந்தது. பின்னாளில் அப்பெயர் கைவிடப்பட்டது. முதல் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். திருநெல்வேலிக் கிறிஸ்தவத்தின் பழங்கதையை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பொருத்தம் தெரியும். மதம் மாறியதற்காகச் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்டவர்களை ஒன்றுசேர்த்து 1799இல் அமைக்கப்பட்ட அடைக்கலக் குடியிருப்பே முதலூர். அதைப் பின்பற்றி வேறு ஊர்களும் தோன்றின. அடைக்கலம் என்பது அந்தச் சபைகளுக்கு வெறும் பிரசங்கப் பொருளன்று. அவை உண்டான வரலாறே அதுதான்.

உபதேசியாரின் வேலை நடப்பது. ஒரு தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு வேளையில் சில வார்த்தை பேசுவார். மாலையில் வேறொரு தோட்டத்து லயத்து முற்றத்தில் பாட்டுப் பாடிப் பேசுவார். இரவில் எங்கே தங்குவார்? எங்கே உண்பார்? பார்வைக்குச் சிறியதான இந்தக் கேள்விக்குள் பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. துரையின் பங்களா அவருக்கு உரியதன்று. வழிச்சத்திரம் தோட்டத்துக்குள் இல்லை. மிஞ்சுவது கங்காணியின் வீடு அல்லது லயத்துக் காம்பறா.

அக்காலத்துத் தென்னிந்தியத் திருச்சபைகளிற் சாதியைப் பற்றிய வழக்கு உச்சத்தில் இருந்தது. 1833இல் கல்கத்தாவின் பேராயர் டானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 1850இல் சென்னையில் மிஷனரிமார் மாநாடு ஒரு படி மேலே போனது. சாதியை உண்மையாகவே விட்டுவிட்டோம் என்பதற்கு அடையாளம், ஒடுக்கப்பட்டவர் சமைத்த உணவை உண்பதே என்று அது வைத்தது. பெருஞ்சபைகளில் இதை எதிர்த்து மனு எழுதியவர்களும் சபையை விட்டே வெளியேறியவர்களும் உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து இலங்கைத் தோட்டப் பணி தொடங்கியபோது அதே கேள்வி வேறு கோலத்தில் வந்தது. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அந்திக்கு மேல் மழையில் நனைந்து வரும் உபதேசியாருக்கு ஒரு தொழிலாளப் பெண் ரொட்டியும் சம்பலும் நீட்டுகிறாள். மாநாட்டுத் தீர்மானத்தின் மெய்ப்பொருள் அந்தத் தட்டிலேதான் இருந்தது. வாங்கி உண்டால் அவருடைய சுவிசேஷம் மெய். வயிறு சரியில்லை என்று தட்டிக்கழித்தால் அவர் மறுநாள் பேசுவதெல்லாம் வெறும் பேச்சு.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. விருந்தோம்பலைப் பற்றிய நம் பிரசங்கங்கள் எல்லாம் விருந்தளிப்பவர் வசதியுள்ளவர் என்றும், வருபவர் ஏழை என்றும் வைத்துக்கொண்டே பேசுகின்றன. தோட்டத்தில் இது தலைகீழாக இருந்தது. நற்செய்தி கொண்டுவந்தவர் விருந்தினர். எதுவுமே இல்லாதவர் வீட்டார். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பறா. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே தொட்டில், வயதுக்கு வந்த பிள்ளைகள், நோயாளிக் கிழவர். அந்த இடத்தில் ஓர் அந்நியருக்குப் பாய் விரிக்க வேண்டுமானால் வீட்டாரில் ஒருவர் வெளியே இஸ்தோப்பிற் படுக்க வேண்டும். அந்தக் காம்பறாவும் அவர்களுக்குச் சொந்தமன்று. வேலை போனால் காம்பறாவும் போகும். சொந்தமில்லாத வீட்டில், இல்லாத இடத்தில், கடன் வாங்கிய அரிசியில் அவர்கள் விருந்தோம்பினார்கள். இதைச் செய்தவர்களிற் பலர் கிறிஸ்தவர் அல்லர். மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் விளக்கு வைத்தவர்கள். தான் போதிக்க வந்த போதனையைத் தனக்கு முன்பே செய்துகாட்டியவர்களை அந்த லயங்களில் உபதேசியார் கண்டிருப்பார்.

எழுத்து இலக்கியம் இதைப் பதிவு செய்ததா என்று கேட்பீர்கள். மலையகத் தோட்டத்தைப் பாடிய மிகப் பழைய அச்சு நூலாக ஆய்வாளர் காட்டுவது ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. 1869இல் வெளிவந்தது. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப் என்ற கிறிஸ்தவர். கோப்பிப் பயிரிடும் முறையையும் தோட்ட வேலைகளையும் கும்மி மெட்டில் விரித்துரைக்கும் நூல் அது. துரைத்தனத்தின் கண்கொண்டே அது தோட்டத்தைப் பார்க்கிறது. பயிர் எப்படி வளர வேண்டும் என்று விரிவாகச் சொல்லும் அந்த நூலில், பயிரை வளர்த்தவரின் அடுப்பங்கரைக்கு இடமில்லை. அந்தக் குறை நீங்க நாம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்திருந்தோம். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று தலைப்பிட்டபோதுதான், நாம் இன்று பேசும் பொருளின் மையச் சொல் நம் இலக்கியத்துக்குக் கிடைத்தது.

விருந்தோம்பலுக்கு இன்னொரு தடையும் இருந்தது. தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே வருவது அத்துமீறல். தொழிலாளியின் உறவினர் வந்து தங்கினாலும் கங்காணியிடம் சொல்ல வேண்டும். ஆக, யாரை வீட்டுக்குள் ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமையே வீட்டாருக்கு இல்லை. தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமையை நேரிற் காண விரும்பியபோது புடவை வியாபாரிபோல வேடமிட்டே உள்ளே போனார் என்பது பலரும் அறிந்த செய்தி. தஞ்சாவூர்ப் பிராமணர் ஒருவர் துணி மூட்டையோடு லயத்து வாசலில் நின்றார். வாசல் திறந்தது. தோட்டத்தில் அந்நியரை ஏற்பது அறச்செயல் மட்டுமன்று. வேலையையும் காம்பறாவையும் பணயம் வைக்கும் துணிச்செயலுமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சப்ரகமுவவின் முகம் மாறியது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. பிறகு தாழ்ந்த மலைச்சாரல்களில் றப்பர் பரவியது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய ரயில்பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. 1893இல் நிறுவப்பட்ட காலி மறைமாவட்டம் தென்மாகாணத்தோடு சப்ரகமுவவையும் உள்ளடக்கியிருந்தது. பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருமார் அதன் பொறுப்பை ஏற்றனர். பிளெமிஷ் பேசும் ஊரில் பிறந்த சுவாமிமார் சிங்களமும் தமிழும் படித்து, இரத்தினபுரி மழையில் தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கினார்கள். 1995இல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைச் சேர்த்துத் தனி மறைமாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதி காலியோடுதான் இருந்தது. ஒரே கோவிலிற் சிங்களப் பூசை ஒரு நேரம், தமிழ்ப் பூசை இன்னொரு நேரம் என்ற வழக்கம் இந்த மாகாணத்துக்கு நன்கு பழக்கமானது. இதை ஒற்றுமை என்பாரும் உண்டு. பிரிவினை என்பாரும் உண்டு. மணிக்கூட்டின் இரு முட்கள்போல் ஒரே முகப்பில் இருந்தும் அரிதாகவே சந்தித்தார்கள் என்று நான் சொல்வேன்.

நான் வளர்ந்ததும் இரத்தினபுரிப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில். மழை நாளில் றப்பர் மரத்திற் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் ‘பேர்’ இல்லை. பேர் என்பது தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்கான பதிவு. பாதி வேலைக்கு அரைப்பேர். சப்ரகமுவவிலோ மழை நாட்களுக்குப் பஞ்சமில்லை. அத்தகைய மாதங்களில் எங்கள் அம்மாயி ரொட்டி சுடும்போது வீட்டுத் தலைகளை எண்ணி, அதற்கு மேல் ஒன்று சுடுவார். “யாருக்கு அம்மாயி?” என்று கேட்டால், “வர்றவங்களுக்கு” என்பார். “யாரு வர்றாங்க?” என்றால், “வந்தவங்க யாருன்னு சாப்பிட்ட பொறகு கேட்டுக்கலாம்” என்பார். அவர் எழுத்தறியாதவர். அந்தோனியார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றியது தவிர இறையியல் ஏதும் பயின்றதில்லை. அந்த ஒரு ரொட்டியை உண்டவர்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரும் உண்டு. மாணிக்கக் குழியில் வேலை தேடி வந்து வழிதவறிய சிங்களப் பையனும் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்குக் கீழ்க்கிராமத்திலிருந்து பாற்சோறும் கொண்டைப் பணியாரமும் வரும். நத்தாருக்கு எங்கள் தட்டு கீழே போகும். தட்டு ஒருநாளும் வெறுமையாய்த் திரும்பி வந்ததில்லை. இது அன்று எல்லாத் தோட்டங்களிலும் சாதாரணமாக நடந்ததுதான்.

இவ்வளவும் இருந்தும் நாடு அவர்களை எப்படி வைத்திருந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. மறு ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், உரிமை வேண்டுமானால் பத்திரங்களோடு வந்து விண்ணப்பிக்கச் சொன்னது. பிறப்புச் சான்றிதழே இல்லாத லயத்தில் பத்திரம் எங்கிருந்து வரும்? 1964 அக்டோபரிற் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் இன்னும் விருந்தினர்தான், விருந்து முடிந்தது, புறப்படலாம் என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

இங்கேதான் கிறிஸ்தவ விருந்தோம்பலின் உண்மையான சோதனை தொடங்கியது. பசித்தவருக்கு உணவும் நோயாளிக்கு மருந்தும் கொடுப்பதிற் சபைகள் குறை வைக்கவில்லை, பாடசாலைகளும் கட்டின. ஆனால் உணவளிப்பது ஒன்று, உரிமையளிப்பது வேறொன்று. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் இதைத் தெளிவாகவே பேசுகிறது. உங்களிடையே குடியிருக்கும் அந்நியனைச் சுதேசியைப்போல் எண்ண வேண்டும். எகிப்திலே நீங்களும் அந்நியராயிருந்தீர்கள் என்பது அங்கே கூறப்படும் நியாயம். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பிவிடு என்று அது சொல்லவில்லை. விருந்தோம்பலின் முடிவு விருந்தினர் வீட்டாராவதே. ஒருவரை நூறாண்டு விருந்தினராகவே வைத்திருப்பது உபசாரமன்று, அது அவமதிப்பு.

இந்த வேறுபாட்டை உணர்ந்து செயற்பட்டவர்கள் திருச்சபைகளிற் சிறுபான்மையினரே. அவர்களுள் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் தமிழரல்லர், சப்ரகமுவவில் நிலைகொண்டவர்களுமல்லர். ஆயினும் அவர்களின் சொல்லும் செயலும் இந்த மாகாணத்தின் தோட்டங்களைத் தொட்டன.

ஒருவர் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியிற் ‘சத்யோதய’ நிலையத்தை நிறுவினார். அங்கே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பில் ஆக்கி உண்டார்கள். மாநாடு கூட்டி இன ஒற்றுமை பேசுவதைவிட இது கடினம் என்பது கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். அந்த ஆண்டுகள் தோட்டங்களுக்குக் கொடிய ஆண்டுகள். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. சப்ரகமுவவிலும் கண்டிப் பகுதியிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் அதற்குமேல் வந்து சேர்ந்தது. தோட்டத்து மக்கள் நகர வீதிகளிற் கையேந்தி நின்ற காட்சியை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் அமைந்ததில் சத்யோதயவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1979இல் தோன்றிய இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் கஸ்பர்ஸ் அடிகள் முன்னின்றார். 2017இல் மறையும்வரை மலையக மக்களை இந்நாட்டின் மக்கள் என்றே எழுதியும் பேசியும் வந்தார்.

மற்றவர் குருநாகலின் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க. கேகாலை மாவட்டத்தின் வடக்கெல்லையை ஒட்டிக் கிடப்பது குருநாகல். 1962இல் பேராயரான இவர் சிங்கள உயர்குடியிற் பிறந்தவர். இவருடைய செயலைப் புரிந்துகொள்ள, முதலில் சப்ரகமுவவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

1977 ஆகஸ்டில் நாடெங்கும் மூண்ட வன்செயல் இம்மாகாணத்தின் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. அதை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, 1981 ஆகஸ்டில், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் மீண்டும் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன, மக்கள் காட்டுக்குள் ஓடினர், ஆகஸ்ட் 17ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பின்னர் 1983 ஜூலை. நான் முன்பு சொன்ன தீவுபோன்ற தோட்டங்களின் தனிமை இந்த மூன்று முறையும் வெளிப்பட்டது. தாக்க வந்தவர்கள் வந்த வழியும், காப்பாற்ற வந்தவர்கள் வந்த வழியும் ஒரே ஒற்றையடிப்பாதை. சிங்களக் கிராமத்து வீடுகளிலும், கோவில் மனைகளிலும், விகாரைகளிலும் ஒளித்து வைக்கப்பட்டு உயிர் பிழைத்தவர்கள் உண்டு. பாற்சோற்றுத் தட்டு கொண்டுவந்த அதே கைகள் கதவைத் தாழிட்டு உள்ளே மறைத்து வைத்தன. எல்லாக் கைகளும் அல்ல. ஆனால் திறந்த கதவுகளின் கணக்கை எந்த ஆணைக்குழுவும் முழுமையாக எடுக்கவில்லை. திறந்தவர்களும் அதைப் பேச விரும்பவில்லை. நாளைக்கும் அதே ஊரில் வாழ வேண்டியவர்கள் அவர்கள்.

1983 ஜூலையிற் பேராயர் லக்ஷ்மன் இங்கிலாந்தில் இருந்தார். நோயுற்ற உடலோடு நாடு திரும்பி, யாழ்ப்பாணம் சென்று பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். செப்டெம்பரில் தம் மறைமாவட்ட மன்றத்தின் முன் ஆற்றிய இறுதி உரையில், நடந்தவற்றுக்குச் சிங்கள மக்கள் ஒழுக்கப் பொறுப்பை ஏற்று வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கோர வேண்டும் என்ற கருத்தைத் தயக்கமின்றி வெளியிட்டார். அடுத்த மாதம் 23ஆம் திகதி, 56ஆவது வயதிற் காலமானார். இதையும் விருந்தோம்பல் என்றே நான் கொள்கிறேன். உன் வீட்டில் எனக்கு இடம் தா என்று அந்நியர் கேட்பதற்கு முன்னதாகவே, இந்த வீட்டில் உனக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு நானும் பொறுப்பாளி என்று வீட்டாரில் ஒருவர் சொல்வது அது. வாசலைத் திறப்பதைவிட இது கடினம். சொன்னவருக்குத் தம் இனத்தாரிடையே அது எளிதில் நல்ல பெயர் வாங்கித் தரும் பேச்சன்று.

எனினும், ஓர் இரவின் அடைக்கலம் ஒரு வாழ்வாகிவிடாது. உயிர் தப்பியவர்களிற் பலர் அதே லயத்துக்குத் திரும்பவில்லை. சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினர். அங்கேயும் அவர்கள் ‘தோட்டக்காட்டார்’ என்ற பெயரோடுதான் ஏற்கப்பட்டார்கள் என்பதை நம் தமிழ் நேயர்கள் மறந்துவிடலாகாது. இன்னும் பலர் கப்பலேறினர். 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்தெடுத்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. இங்கே இந்தியாக்காரர், வடக்கே தோட்டக்காட்டார், அங்கே சிலோன்காரர். மூன்று வாசலிலும் விருந்தினர். எந்த வாசலிலும் வீட்டாரல்லர்.

எஞ்சியவர்களுக்குச் சட்டப்படியான உரிமை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு ஏறத்தாழ முழுமை பெற்றது. 1948இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள். 2023இல், அவர்கள் இங்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அதை ஒழுங்கு செய்தவர்களிடையே இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் இருந்தது. ஜூலை இறுதியிற் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். முன்னோர் ஆதரவற்று மடிந்த அதே பாதையில், இம்முறை வழியோர மக்கள் தண்ணீரும் உணவும் தந்து வரவேற்றார்கள். தாமதமான விருந்துதான்; ஆயினும் தேவையான விருந்து.

ஆனால் சப்ரகமுவவின் தோட்டங்களுக்கு நடைபயணத்தோடு கதை முடிந்துவிடவில்லை. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தது. அரநாயக்கவில் சிங்களக் கிராமங்கள் புதைந்தன. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயமும் அதிலிருந்தவர்களும் மண்ணுக்குள் போனார்கள். ஒரே மழை இரு சாராரையும் ஒருமிக்க வீடற்றவர் ஆக்கியது. அந்நியர் யார், வீட்டார் யார் என்று அந்த மண் கேட்கவில்லை. ஆபத்தான சரிவுகளிலே இன்றும் பழைய லயங்கள் நிற்கின்றன. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற வாக்குறுதி சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவைச் சொல்லி அமைகிறேன். சப்ரகமுவத் தோட்டங்களில் கிறிஸ்தவ விசுவாசம் தன்னை மெய்ப்பித்தது பெரிய ஆலயங்களிலன்று. உபதேசியார் மறுக்காமல் வாங்கிய தட்டிலும், ஜூலை இரவிற் திறந்த கதவிலும், ஒரு பேராயர் தம் இனத்தின் முன் சொன்ன சொல்லிலுமே. அந்த விசுவாசத்துக்கு விருந்தோம்பலைக் கற்பித்தவர்களோ, சொந்தமாக வாசற்படிகூட இல்லாதவர்கள். கற்றுக்கொண்ட பாடத்துக்கு ஈடாக நாம் கொடுக்க வேண்டியது இன்னொரு நேரத்துச் சோறன்று. அவர்கள் பெயரில் எழுதப்பட்ட ஒரு துண்டு நிலமும், அதன்மேல் அவர்களே யாரை வரவேற்பது என்று தீர்மானிக்கக்கூடிய ஒரு கதவும்தான்.